எந்தப் பக்கம்

இடப்பக்கம் ஒடித்தால் டக் டக் டக்.
நேராகப் போனால் ஒன்றுமில்லை.
வலப்பக்கம் ஒடித்தாலும் இல்லை.
இப்படித்தான் சொன்னேன் நூருல்லாவிடம்,
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்த காலையில்
டேங்கர் பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர.

"எந்தப் பக்கம் கேக்குது?"
"லெஃப்ட்டு. சந்தேகமே இல்ல."

அவன் சந்தேகப்படுகிற ஜாதி.
முதலில் டிக்கியைக் காலி செய்தான்:
ஜாக்கி, ரெண்டு நட்டு, சவாரி வந்த யாரோ
விட்டுப்போன பித்தளைச் சொம்பு.
"பாதி வண்டில இதான் சத்தம்" என்றான்.
பிறகு நின்ற இடத்திலேயே
ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பச் சொன்னான்.
முனகினால் ஆயில்.
மேலே ஸ்பிரிங் உதறினால் மவுண்ட்.
ஓட ஓட வண்டு ரீங்கரித்தால் பேரிங்.
சக்கரத்தோடு சேர்ந்து டக் டக்கென்று
கணக்கு வைத்தால்
ஆக்ஸில் முனை ஜாயிண்ட்.

இடது சக்கரம் கழன்றது.
ரப்பர் பூட்டின் மடிப்புகளுக்குள்
விரல் விட்டுச் சுற்றி வந்தான்.
கிழிசல் இல்லை. கசிவு இல்லை.
"இது பச்சப்புள்ள மாதிரி கீது. மாட்டிட்டு ஓட்டிப் பாக்கலாம்."

குட்ஸ் யார்டுக்குப் பின்னால்
லாரிகள் போய்விட்ட பொட்டல்.
மணலிப் பக்கமிருந்து முட்டை அழுகிய காற்று.
இடப்பக்கமாகவே வட்டம் போட்டேன்.
அவன் நடுவில் நின்றான்,
பிறகு வெளியே போய்க் கூடவே ஓடிவந்தான்,
லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி.
மூன்றாம் வட்டம். நாலாம் வட்டம்.
முன்னால் பாய்ந்து பானெட்டில் அறைந்தான்.
"நிறுத்துன்னு கத்தினே கீறேன், செவுடா நீ?"

எங்கள் பக்கத்தில்
எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான்.
நான் திருப்பித் திட்டியிருக்க வேண்டும்.
திட்டாததால் அது கேள்வியாகிவிட்டது.

வலது ஜன்னலுக்கு வந்தான்.
என் முகத்துக்குப் பின்னால் சொடுக்குப் போட்டான்.
கண்ணாடியில் அவன் விரல்களைப் பார்த்தேன்.

கப்பல் வயிற்றுக்குள்
பதினோரு வருஷம் துரு தட்டியவன் நான்.
சுத்தி வலக்கையில். காதில் பஞ்சு.
கொஞ்சம் மந்தம் என்று நினைத்திருந்தேன்.
மந்தம் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

வலது சக்கரத்தைக் கழற்றினான்.
கிழிந்திருந்தது,
ஒரு விரல் நீளத்துக்கு.
உள்ளேயிருந்த கிரீஸ் ரிம்மெல்லாம் தெறித்து
எண்ணூர் ரோட்டு மணலும் உப்பும் கலந்து
எள்ளுருண்டைப் பதத்தில்.

"லெஃப்ட்ல ஒடிச்சா பாரம் ரைட்டு வீல்ல.
அதான் கத்துது.
அந்தப் பக்கம் உனக்கு ஆளில்ல.
செவுத்துல பட்டு இந்தப் பக்கமா வந்து சேருது."

ஜாயிண்ட், பூட், ரெண்டு கிளிப், கிரீஸ்,
கூலியோடு மூவாயிரத்து இருநூறு.
"காதுக்கு ஸ்டான்லிக்குப் போ.
அங்க காசு இல்ல, க்யூதான்."

சாயங்காலம் அதே பொட்டலில் அதே வட்டம்.
இடது சீட்டில் அவன்.
"போச்சா?" என்று கேட்டேன்.
வழக்கமாக அது அவன் கேட்கிற கேள்வி.
கண்ணை மூடிக்கொண்டு
எனக்கும் சேர்த்துக் கேட்டான்.
"போச்சு."

ரோஸ்லின் வண்டியில் என் இடப்பக்கம் உட்காருவாள்.
வாய் ஓயாது,
பழவேற்காடு போய்த் திரும்பும்வரை.
வீட்டில் பாயில் என் வலப்பக்கம்.
சுவரோரம் பிள்ளைக்கு என்று ஆரம்பித்தது,
பிள்ளை இப்போது ஹாஸ்டலில்.
படுத்தால் பேச மாட்டாள் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தலையணையைத் தூக்கிக்கொண்டு
அந்த ஓரத்துக்குப் போனேன்.
விளக்கு அணைந்துவிட்டது.
அவள் உதடு தெரியவில்லை.

"இன்னா, பக்கம் மாறிப் படுக்கற?"
என்று கேட்டாள்.

கேட்டது.